மெதுவான வாழ்க்கை யாருக்கு?

சில வருஷங்களாக நமது கோல சிலாங்கூர்ப் பகுதிக்கு ஒரு புதுவித யாத்திரிகர் வந்துகொண்டிருக்கின்றனர். இவர்கள் கோயில் கும்பிட வருகிறவர்களல்லர், வியாபாரத்திற்காக வருகிறவர்களுமல்லர், தொண்டு செய்ய வருகிறவர்கள். இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம், நம்மிடையே தங்கிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பதும், சுவர்களுக்கு வர்ணம் பூசுவதும், காய்கறித் தோட்டம் போடுவதுமாகப் பொழுதைக் கழித்துவிட்டுப் போகின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. கைப்பணத்தைச் செலவு செய்துகொண்டு, நம் ஊர்க் கொசுக்கடியையும் பொருட்படுத்தாமல் வருகிறவர்களை ஏளனம் செய்வது மனிதத்தன்மையாகாது. ஆனால், போகும்போது அவர்கள் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இங்கே சற்று விரிவாகப் பேச எண்ணுகிறோம்.

“இங்கே வாழ்க்கை மெதுவாகச் செல்கிறது. முதலில் எங்களுக்கு அது பழக்கப்படவில்லை. பிறகு பழகிக்கொண்டோம். நாங்கள் கற்றுக்கொண்ட பெரிய பாடம் அதுதான்.” இதுதான் அந்த வார்த்தை. ஏறக்குறைய எல்லாரும் இதையே சொல்லுகிறார்கள். நம்மவர்களும் கேட்டுப் பூரித்துப்போய்க் கை தட்டுகிறார்கள். நாமும் ஒரு தடவை தட்டியிருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகிறோம்.

அது பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் நம் பெரியவர்களுக்கு அந்த ஊர் விளங்கும். வெளிநாட்டிலே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இளைஞருக்கு வழியனுப்பு உபசாரம். நல்ல பிள்ளை, தமிழும் சிரமப்பட்டுப் பேசினார். தம் நகரத்திலே நிமிஷக் கணக்குப் பார்த்து ரயில் ஏறுகிறவர், இங்கே வந்த முதல் வாரத்தில் தவித்துப்போனாராம். பேருந்து வரவில்லை; மாலை ஐந்து மணி வகுப்புக்குப் பிள்ளைகள் ஐந்தே முக்காலுக்கு ஒவ்வொருவராக வந்தார்கள்; ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் கேட்டால் ‘அடுத்த வாரம்’ என்றார்கள். மூன்றாவது வாரத்தில் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டாராம். “இந்த ஜனங்களுக்குக் கடிகாரமே தேவையில்லை, இவர்கள் காலத்தோடு சண்டை போடுவதில்லை” என்று அவர் முடித்ததும் மண்டபம் அதிர்ந்தது.

நமக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்த கை. காது மந்தம். “அந்தத் தம்பி என்னய்யா சொல்லிச்சு, எல்லாரும் தட்டுறீங்க?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னோம். அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. “மெதுவாவா? நாப்பது வருசம் ஓடியிருக்கேன்யா. பிள்ளைக்குப் பால் குடுக்கக்கூட உக்கார நேரம் இல்லாம ஓடியிருக்கேன்” என்றார். பிறகு மேடையைப் பார்த்தபடியே, “சரி, சின்னப் பிள்ளை, போகட்டும்” என்று விட்டுவிட்டார். அவர் விட்டுவிட்டார், நம்மால் விட முடியவில்லை.

தோழர்களே, தோட்டத்தில் கடிகாரம் இல்லை என்று எவன் சொன்னாலும் அவன் தோட்டத்தை விடியற்காலையில் பார்த்ததில்லை என்பது நிச்சயம். பால்மரத்தின் குணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டும் குளிர்ச்சியும் உள்ள நேரத்தில்தான் பட்டைக்குள் பால் அழுத்தமாக நிற்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பால் நின்றுபோகும். ஆகவே, கோழி கூவுமுன் எழுந்து, உலை வைத்து, பிள்ளையைத் தூக்கத்தோடு ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு, தண்டவாள மணி அடித்ததும் பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். பெரட்டுக்குப் பிந்தினவனுக்கு அன்றைக்கு வேலையில்லை, வேலையில்லையேல் சம்பளமில்லை. பிறகு நெற்றி விளக்கோடு நிரைக்குள் புகுந்து, நானூறு ஐந்நூறு மரங்களை, ஒவ்வொரு மரத்துக்கும் சில விநாடிகளே என்ற கணக்கில், பட்டையைக் காயப்படுத்தாமல் சீவிக்கொண்டு போகவேண்டும். கடைசி மரத்துக்கு வந்ததும் ஓய்வா? முதல் மரத்துக்குத் திரும்பி ஓடி, மங்கு மங்காகப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் சுமந்துகொண்டு, பால் உறைந்துபோகுமுன் நிறுவைக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். உலகத்தில் எந்த ரயில்வே அட்டவணையும் இதைவிடக் கண்டிப்பானதென்று நாம் நம்பவில்லை.

செம்பனை வந்ததே, அது மட்டும் மெதுவானதா? அறுத்த குலை அதிக நேரம் கிடந்தால் பழத்திற்குள்ளேயே அமிலம் ஏறி எண்ணெய் தரம் கெடும். ஆதலால் அன்றைக்கு வெட்டியது அன்றைக்கே, தப்பினால் மறுநாளுக்குள், ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாகவேண்டும். ஆலை இரவும் பகலும் குலை கேட்கும். இன்று அந்தக் குலைகளை வெட்டுகிறவர்களில் நம்மவர்கள் சிலரே. இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் நாம் விட்டுவந்த ஓட்டத்தை ஓடிக்கொண்டிருக்கின்றனர். அவர்களையும் ஒருநாள் யாரேனும் ‘அமைதியான ஜனங்கள்’ என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

செம்பனை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நாட்டில் வியாபார முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது நமது கோல சிலாங்கூர் வட்டாரத்திலேதான். 1917ஆம் ஆண்டு, தென்னமரம் தோட்டத்தில். பெயரைக் கேட்டாலே அது யாருடைய வாயிலிருந்து வந்த சொல்லென்று தெரியும். நட்டவர் ஹென்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுத் துரை. அவர் துரை மட்டுமல்லர், எழுத்தாளருங்கூட. மலேயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் பெரும் பரிசாகிய கொங்கூர் கிடைத்தது. ஆங்கிலத்தில் அந்நூலுக்கு ‘மலேயாவின் ஆன்மா’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். இந்நாட்டின் காட்டிலும் கடற்கரையிலும் இரவிலும் மனம் தோய்ந்து எழுதப்பட்ட நூல். அதன் அழகை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே. துரை தாழ்வாரத்திலே சாய்ந்துகொண்டு நாட்டின் ஆன்மாவைப் பற்றி நிதானமாகச் சிந்திக்க வேண்டுமானால், அந்த நேரத்தில் நிரைக்குள்ளே யாராவது ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா, வேண்டாமா? ஒருவனுடைய நிதானத்துக்கு இன்னொருவனுடைய ஓட்டம்தான் முதல். இந்தக் கணக்கை எந்த நாவலும் எழுதிக் காட்டுவதில்லை.

நிற்க. ‘அப்படியானால் அந்த இளைஞர் கண்டது பொய்யா? பேருந்து வராதது பொய்யா?’ என்று கேட்கலாம். பொய்யல்ல. அவர் கண்டது உண்மை. அதற்கு வைத்த பெயர்தான் தப்பு. அவர் கண்டது மெதுவன்று, காத்திருத்தல். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மெதுவாக நடக்கிறவன் விரும்பினால் வேகமாக நடக்கலாம். காத்திருக்கிறவனுடைய வேகம் இன்னொருவன் கையில் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள் ஏன் ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள்? நாம் விசாரித்தோம். மூன்று இடங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவர ஒரே ஒரு வேன். அது மூன்று நடை போகவேண்டும். முதல் நடையில் வந்த பிள்ளை நாலரை மணிக்கே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. இதை அவர் கவனிக்கவில்லை. ஏனெனில், அவர் வந்து கதவைத் திறந்தது ஐந்து மணிக்கு. காலத்தின் அருமை தெரியாதவர்கள் என்று அவர் எண்ணி, பிறகு பெருந்தன்மையோடு அதையே ஒரு ஞானமாக்கிப் பாராட்டிய அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர், அவர் வருமுன்னரே வந்து காத்திருந்தவர்கள்!

மழையைப் பாருங்கள். மலைநாட்டு மழையை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தேநீரோடு ரசிப்பது யாத்திரிகருக்கு இன்பம். பால்மரத் தொழிலாளிக்கோ, பட்டை நனைந்தால் வெட்டில்லை. வெட்டினாலும் பால் பட்டையில் வழிந்து மண்ணுக்குப் போகும். விடாமழை பெய்த மாதங்களில் லயத்து வாசலில் குந்தியிருந்தவர்களைப் பார்த்து, ‘என்ன சாவகாசமான வாழ்க்கை!’ என்று எவரேனும் சொல்லியிருந்தால், உள்ளே காலியாயிருந்த அரிசி டின் அதற்குப் பதில் சொல்லியிருக்கும்.

இன்னும் பெரிய காத்திருத்தல்களைச் சொல்லுவோம். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டத்து மக்கள், தலைமுறை தலைமுறையாக உழைத்த இடத்திலே தங்களுக்கென்று ஒரு வீடு கேட்டுக் காத்திருந்தது இருபது ஆண்டுகளுக்கு மேல். 245 வீடுகளுக்கான திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2023ஆம் ஆண்டிலேதான். கேட்கத் தொடங்கியபோது நடுவயதினராயிருந்தவர்களில் எத்தனை பேர் இடையிலே கண்ணை மூடினார்கள்! சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று தீபகற்பத்திலே நடைமுறைக்கு வந்தது 2013இல். மாதம் 900 வெள்ளி. நாடு சுதந்திரம் பெற்றது 1957இல். நடுவே ஐம்பத்தாறு ஆண்டுகள்! இந்த ஐம்பத்தாறு ஆண்டுகளையும் நம்மவர்கள் ‘காலத்தோடு சண்டை போடாமல்’ கழித்தார்கள் என்று பெருமைப்படச் சொல்லுகிறீர்களா? இதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டி, பண்பாடு என்று மாலை போட்டு, பூர்வ ஜென்ம பலன் என்று தீபாராதனையும் காட்டினவர்கள் நம்மவரிலேயே அநேகர். வெளிநாட்டுத் தொண்டர் அந்த ஆரத்திக்குப் பிந்தி வந்து சேர்ந்தவர், அவ்வளவுதான்.

ஒரு ஜாதி ஜனங்களுடைய இயல்பு இன்னதென்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் தீர்ப்புச் சொல்லுவது புதிதல்ல. இந்நாட்டு அறிஞர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977இல் ‘சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு நூல் எழுதினார். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பிலிப்பினோக்கள் ஆகியோர் சோம்பேறிகள் என்ற பேச்சு எப்படிப் பிறந்தது, அதனால் யாருக்கு லாபம் என்று அதில் ஆராய்ந்திருக்கிறார். தன் வயலையும் படகையும் விட்டுவிட்டுத் துரையின் நிரைக்கு வர மறுத்தவன் சோம்பேறி. கப்பலேறி வந்து, கடனுக்குக் கட்டுப்பட்டு, சொன்னதைச் செய்தவன் சாது. மலாய்க்காரனுக்கு வசையும் தமிழனுக்குப் புகழும் என்று நம்மில் சிலர் இதைக் கேட்டு மகிழ்வதுண்டு. இரண்டும் ஒரே பேரேட்டில் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதை அவர்கள் உணர்வதில்லை. இன்றைக்கு வசை மறைந்து புகழ்மொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது: சாது, பொறுமைசாலி, மெதுவானவன்.

இந்த மெதுவு ஒரு காலத்தில் உத்தரவாகவே போடப்பட்டிருந்தது என்றால் இளைய வாசகர்கள் நம்புவார்களா? தோட்டச் சாலையிலே தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரையோ பெரிய உத்தியோகஸ்தரோ வந்தால், அவன் இறங்கி நின்று, அவர் கடந்துபோன பிறகே ஏறவேண்டும். சைக்கிள் என்பது தொழிலாளி தன் காசில் வாங்கிய முதல் வேகம். அந்த வேகத்திலிருந்து அவனைக் கீழே இறக்கி நிறுத்துவதில் துரைத்தனத்துக்கு ஒரு திருப்தி! 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் கொடுத்த கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு, சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்று. கூலிக்குச் சமமாக இதையும் வைத்தார்களே, அவர்களா காலத்தோடு சண்டை போடாதவர்கள்?

அந்தக் கிளர்ச்சியின் முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். இவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான் என்பதை இன்றைய தொண்டர்கள் கவனிக்க வேண்டும். 1930களில் இந்தியாவிலிருந்து வந்து, ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்து, கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் உழைத்தவர். தோட்டத்து வாழ்க்கை மெதுவாயிருக்கிறதென்று அவர் பழகிக்கொள்ளவில்லை. அது ஏன் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதென்று கேட்டார். கேட்டதன் பலன், 1941 மே மாதம் கைது. பிறகு நாடு கடத்தல். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவ, பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். எல்லாத் தொண்டரும் சிறைக்குப் போகவேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து வருகிறவன் இரண்டு விதமாகப் பழகலாம் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

தொண்டர் என்ற சொல்லே நம் தோட்டத்துக்கு வேறு அர்த்தத்தில் அறிமுகமானது. யுத்தம் முடிந்து 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்திலே ஏ.எம். சாமி என்பவரை முன்னிட்டு எழுந்த ‘தொண்டர் படை’யைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். லயத்திலே பிறந்து, லயத்திலே உறங்கி, விடியற்காலையில் மரம் வெட்டிவிட்டு, மாலையிலே அணிவகுத்துக் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தவர்கள் அவர்கள். கள்ளுக்கடையைப் போல மெதுவான இடம் தோட்டத்தில் வேறெது? நாள் முழுவதும் ஓடவைத்த காலை மாலையில் தள்ளாடவைத்து, கொடுத்த கூலியை அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடல்லவா அது? அந்தச் சாவகாசத்தைக் கெடுத்ததற்காகவே தொண்டர் படைமீது அதிகாரம் பாய்ந்தது. 1947இல் பேடோங்கில் நடந்த மோதலில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அந்தத் தொண்டர்களுக்கு இவ்விடத்து வாழ்க்கைக்குப் பழகிக்கொள்ளும் தொல்லை இருக்கவில்லை.

இது ஒருபுறமிருக்க, மேல்நாட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இல்லாமற் போகவில்லை. மெக்சிக்கோவுக்குத் தொண்டு செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களின் மாநாட்டிலே 1968இல் இவான் இலிச் என்னும் பாதிரியார், அவர்களுடைய நல்லெண்ணத்தை முகத்துக்கு நேரே கண்டித்துப் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறோமென்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் வேண்டும். சொல்லிக் கொடுக்கிறவர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரட்டும். இதே பகுதியில், ஒரு தடவை வந்துபோன பிறகு ஆண்டுதோறும் தம் விடுமுறையில் திரும்பி வந்து, அதே பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, விட்ட பாடத்திலிருந்து தொடங்கும் ஒரு அம்மையாரை நாம் அறிவோம். அவர் மெதுவான வாழ்க்கையைப் பற்றிப் பேசி நாம் கேட்டதேயில்லை. வேனுக்கு இரண்டாவதாக ஒன்று கிடைக்குமா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வந்தவர்களை மட்டும் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நியாயமாகாது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் பட்டணத்துத் தமிழர்களே, உங்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள்தாம். விடுமுறைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டு, புக்கிட் மலாவாத்தியில் குரங்குக்குக் கடலை போட்டு, கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி பார்த்துவிட்டு, ‘அப்பா, என்ன நிம்மதியான ஊர்!’ என்று பெருமூச்சு விட்டுத் திரும்புகிறீர்கள். படகிலே பேசக்கூடாது, விளக்கடிக்கக்கூடாது என்றால் உடனே அடங்கி உட்காருகிறீர்கள். பூச்சிக்குத் தொந்தரவு கூடாதாம். நல்லதுதான். அந்த ஆற்றங்கரைக்குச் சில கல் தொலைவில், செம்பனைக்கு நடுவே, இன்னும் கலைக்கப்படாத லயத்தில் விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று எப்பொழுதாவது எட்டிப் பார்த்ததுண்டா? தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த பையன் இன்று மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு, மழையென்றும் வெயிலென்றும் பாராமல் நிமிஷக் கணக்குக்கு ஓடுகிறான். ஐந்து நிமிஷம் பிந்தினால் அவனைத் திட்டுகிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை அவனுடைய சொந்த ஊருக்குப் போய் ‘நிம்மதி’யை அனுபவிக்கிறவர்களும் ஒரே ஆசாமிகளாயிருப்பதைக் காண்கிறோம்.

தோட்டத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் நம்மைப் பொறுமைசாலிகள் என்று ஒருவர் புகழும்போது கை தட்டாதிருங்கள். மரியாதைக் குறைவாக நடக்கவேண்டுமென்பதில்லை. எழுந்து நின்று, “ஐயா, நாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் தெரியுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வேனைச் சொல்லுங்கள், வீட்டைச் சொல்லுங்கள், இங்கேயே பிறந்தும் அடையாளக் கார்டு கிடைக்காமல் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிற பிள்ளையைச் சொல்லுங்கள். அவர் நல்ல பிள்ளையாயிருந்தால் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொள்வார். அந்த மண்டபத்து இளைஞருங்கூட, எவரேனும் சொல்லியிருந்தால் குறித்துக்கொண்டிருப்பார் என்றே நாம் நினைக்கிறோம். நாம் சொல்லவில்லை, கை தட்டினோம்.

உபசாரம் முடிந்ததும் இளைஞரைக் காரில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று ஒரே பரபரப்பு. கடிகாரம் கையில் ஏறியிருந்தது. மூதாட்டி வாசற்படியில் நின்று, “இந்தத் தம்பி மறுபடியும் எப்பய்யா வரும்? பேரன் கணக்கில பாதி நிக்குதாம்” என்று கேட்டார். ஏற்பாடு செய்தவர்களுக்கே அது தெரியவில்லை.

அடுத்த கூட்டம் பள்ளி விடுமுறையில் வரப்போவதாகக் கேள்விப்பட்டோம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளில் பாதிப்பேர் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே, பள்ளி நடக்கும் மாதங்களில் சனிக்கிழமைதோறும் எஸ்.பி.எம். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்க, எட்டு மாதம் தொடர்ந்து தங்கக்கூடிய ஒருவர் போதும், பன்னிரண்டு பேர் வேண்டாம் என்றும், வர்ணம் பூசும் செலவை வேனுக்குக் கொடுத்து உதவவேண்டும் என்றும் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினோம். எழுதி ஏழு வாரமாகிறது. பதில் இன்னும் வந்தபாடில்லை.